இரண்டாவது ஜீரோ

ஏப்ரல் 22, திங்கள்

காலையில் டாக்டர் கமலக்கண்ணன் கூப்பிட்டு வேலையைச் சொன்னார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போன 'விண்மீன்' என்ற வலைப் படகு இந்த மாதம் ஒன்பதாம் தேதியிலிருந்து காணவில்லை. ஏழு பேர். கடைசியாக வயர்லெஸ்ஸில் இன்னொரு படகுக்குச் சொன்னது: என்ஜின் நின்றுவிட்டது, வலையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறோம், ஆட்கள் சுகம். அன்று இரவு தென்மேற்கிலிருந்து பெரிய அலை வந்திருக்கிறது.

மாதிரிப் படகுகளைச் செயற்கை அலையில் விட்டுச் சோதிக்கும் எங்கள் அலைத்தொட்டியிடம் கேட்டிருப்பது ஒரே கேள்வி. என்ஜின் இல்லாமல் கிடந்த அந்தப் படகு அந்த அலையில் நின்றிருக்குமா? நின்றிருக்கும் என்றால் நீரோட்டம் அதை மேற்கே கொண்டுபோயிருக்கும். தேடுதலை மாலத்தீவுப் பக்கம் நீட்டுவார்கள். நிற்காது என்றால் தேடுவதை நிறுத்திவிடுவார்கள்.

"நீங்க அந்தப் பக்கம்தானே டெல்பின்? இந்த மாதிரிப் படகெல்லாம் பழக்கம் இருக்கும்ல?" என்றார்.

இருக்கிறது என்றேன்.

விண்மீனின் டிரைவர் கிளமென்ட் என் அண்ணன். அதைச் சொல்லவில்லை. சொன்னால் வேலையை வேறு ஒருவரிடம் கொடுப்பார். அப்படிக் கொடுப்பதுதான் முறையும்கூட.

வீட்டுக்கு வந்து கேஸ் சிலிண்டர் புக் செய்தேன். குழாயில் தண்ணீர் வரவில்லை.

ஏப்ரல் 24, புதன்

மாதிரிப் படகு தயாராகிறது. நீளம் ஒரு ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. செய்பவர் அமீன். அலை எழுப்பும் இயந்திரத்தை ஓட்டுபவரும் அவர்தான். இருபது வருடமாக இந்தத் தொட்டியோடு இருக்கிறார். அதனோடு பேசவும் செய்வார்.

துறைமுகத்தில் இதே வரைபடப்படி கட்டிய படகுகள் இன்னும் ஆறு கட்டிக் கிடக்கின்றன. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் பதினைந்தில் அவை கிளம்பும். அவற்றைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். படத்தில் இருப்பது போலவே அமீன் செய்திருக்கிறார். மேல்தளத்தைச் சுற்றியிருக்கும் ஓரச்சுவரில், ஏறிய தண்ணீர் வடிய ஒரு பக்கத்துக்கு நான்கு ஓட்டைகள். அவற்றில் மூன்றைப் பலகை அடித்து மூடியிருக்கிறார்கள்.

"இது இன்னாத்துக்கு மேடம், ஓட்டைய வச்சிட்டு அப்பால மூடுறது?"

"வலையைக் கொட்டும்போது மீன் அது வழியா நழுவிப் போகும் பாய். அதனால மூடுவாங்க."

"தண்ணி?"

"மிச்சம் இருக்கிற ஒண்ணு வழியா போகும்."

அமீன் மூன்று ஓட்டைகளையும் சின்னச் சின்னப் பலகைத் துண்டால் மூடி, விளிம்பில் பசை தடவினார்.

ஏப்ரல் 26, வெள்ளி

கருவிகளைச் சரிபார்த்தேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால், தண்ணீர் அசைவில்லாமல் இருக்கும்போது, சாய்வுமானி என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்வோம். அது முதல் ஜீரோ. ஓட்டம் முடிந்து தண்ணீர் அடங்கிய பிறகு மறுபடி குறிப்போம். அது இரண்டாவது ஜீரோ. இரண்டும் ஒன்றாக இருந்தால் கருவி நடுவில் நகரவில்லை, அது காட்டியதெல்லாம் படகு உண்மையாகச் சாய்ந்ததுதான். வேறாக இருந்தால் கருவி தானாக நகர்ந்திருக்கிறது. அந்த நகர்வைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவோம்.

எங்கள் சாய்வுமானி பழையது. சூடேறினால் நகரும். எல்லோருக்கும் தெரியும். அதனால் இப்போதெல்லாம் இரண்டாவது ஜீரோவைப் பார்க்காமலேயே கழித்துவிடுகிற பழக்கமும் வந்துவிட்டது. கணினியில் ஒரு பொத்தான்தான்.

புதுக் கருவி கேட்டு எழுதிய கோரிக்கை போன வருடத்திலிருந்து மேலே இருக்கிறது.

ஏப்ரல் 28, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் மைனி போன் செய்தாள். அண்ணன் மனைவி சலேத்.

"டெல்பினு, ஒங்கண்ணன் போனுக்குக் காசு தீரப்போவுதாம். எனக்கு மெசேஜ் வந்திருக்கு. நீ போட்டு விட்டுரு என்ன?"

"போடுதேன் மைனி."

"எங்கயாச்சும் கரையில ஏறி போன் பேசணும்னு பாத்தா காசில்லாம நிக்கப்படாதுல்ல. அப்புறம் எனக்குத்தான் ஏச்சு விழும்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். இருபத்தெட்டு நாளைக்கு ரீசார்ஜ் செய்தேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

முதல் ஓட்டங்கள். அன்றைய இரவின் அலையை அமீன் தொட்டியில் எழுப்பினார். தொட்டியின் மறுமுனைச் சுவரில் மோதித் திரும்பும் அலை வருவதற்குள் நிறுத்திவிட வேண்டும், அதனால் ஒவ்வொரு ஓட்டமும் குறுகியது. கடலில் அது விடிய விடிய நடந்தது.

படகு நின்றது. ஐந்து ஓட்டத்திலும் நின்றது.

திரையில் சாய்வின் கோடு ஏறி இறங்கிக்கொண்டே மொத்தமாக வலது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகிறது. முதலில் ஒரு பாகை, கடைசியில் நான்கு. சூடுதான். கழித்துவிட்டேன். கழித்த பிறகு கோடு நேராக, ஒரே சீராக, நல்ல படகின் கோடு போல இருக்கிறது.

காலையில் ஒரு தடவை எடுத்த முதல் ஜீரோவோடு சரி. இரண்டாவது ஜீரோ எடுக்க நேரமில்லை. தண்ணீர் அடங்க அரைமணி ஆகிறது, மாலையில் தொட்டி வேறு வேலைக்கு வேண்டும் என்றார்கள்.

"மேடம், முடிஞ்சப்புறம் ஜீரோ எடுக்கலியா?" என்று அமீன் கேட்டார்.

"வேண்டாம் பாய். அது நகரும்னு தெரிஞ்சதுதானே."

"இல்ல, என் கண்ணுக்கே லைட்டா சாயுற மாரி இருந்துச்சு."

"அலை ஒரு பக்கமா வருதுல்ல, அப்படித்தான் தெரியும்."

அவர் மாதிரியைத் தூக்கி மேசையில் வைத்துத் துடைத்தார். அதற்குள்ளிருந்து தண்ணீர் வெகு நேரம் வடிந்துகொண்டிருந்தது.

மே 2, வியாழன்

இன்னும் ஆறு ஓட்டம். எல்லாவற்றிலும் நின்றது. கழித்தேன்.

மே 3, வெள்ளி

டாக்டர் கமலக்கண்ணன் வரைகோடுகளைப் பார்த்தார்.

"டிரிஃப்ட் எடுத்தாச்சா?" என்றார். கருவியின் நகர்வைக் கழித்தாயிற்றா என்று கேட்கிறார்.

"எடுத்தாச்சு சார்."

"நம்ம சென்சாருக்கு அது பிறவிக் குணம். பரவால்ல, படகு நல்லாவே நிக்குது. முதல் கட்டத் தகவலா அனுப்பிடுங்க. பாவம், குடும்பமெல்லாம் காத்துட்டு இருப்பாங்க."

அனுப்பினேன். அனுப்பிய பிறகு கேன்டீனில் இரண்டு தோசை சாப்பிட்டேன். பல நாளைக்குப் பிறகு ருசி தெரிந்தது.

மே 5, ஞாயிறு

தேடுதலை நீட்டிவிட்டார்கள். விமானம் மாலத்தீவுப் பக்கம் போகிறது. மைனி போனில் மூச்சு விடாமல் பேசினாள். ஊரே நம் வீட்டுக்கு வந்துவிட்டதாம். பங்குச் சாமியார் வந்து செபம் சொன்னாராம்.

"ஒன் மிஷினுக்கு ஒரு மெழுகுதிரி வைக்கணும் பிள்ள. எந்தச் சாமிக்கு முன்னால வைக்கன்னுதான் தெரியல."

"அது மிஷின் இல்ல மைனி. தொட்டி."

"தொட்டியோ கிட்டியோ. சொல்லிட்டுல்லா, நிக்குன்னு."

நான் ஆமாம் என்றேன்.

மே 7, செவ்வாய்

சாய்வுமானி சூடேறி நகரப் பதினைந்து நிமிடமாவது ஆகும். எங்கள் ஓட்டம் அவ்வளவு நீளமில்லை. இது புது விஷயமில்லை, எனக்கு முன்பே தெரியும். ஆனால் அறையின் வெப்பம் அந்த வாரம் அதிகம். மின்விசிறி ஓடவில்லை. அதனால் சீக்கிரமே நகர்ந்திருக்கலாம்.

மின்விசிறிக்கு ஆள் வரச் சொல்லி எழுதிப் போட்டேன்.

மே 9, வியாழன்

மீன்வளத் துறை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி போன் செய்தார். தன்மையான குரல்.

"மேடம், நீங்க அனுப்பினது பார்த்தோம். ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம் மட்டும். படகு டிசைன்ல குறை இல்லைன்னுதானே அர்த்தம்? அப்ப அந்த ஆறு படகையும் ஜூன் பதினஞ்சுக்கு அப்படியே விட்டுடலாமா? மாத்தணும்னு எதுவும் இல்லையே?"

கோப்பைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஆறு படகு. ஒன்றுக்கு ஏழு பேர். அந்தப் பெருக்கலை நான் போடவில்லை.

துணி காயவில்லை. நாளைக்கு என்ன உடுத்துவது என்று தெரியவில்லை.

மே 10, வெள்ளி

பதில் சொல்லவில்லை. தலைவலி என்று அரை நாள் விடுப்பு.

மே 13, திங்கள்

தொட்டி காலியாக இருந்தது. அமீனிடம் ஒரு ஓட்டம் மட்டும் வேண்டும் என்றேன்.

"ரிப்போர்ட்டுதான் போய்டுச்சே மேடம்?"

"ஒரு சந்தேகம்."

முதல் ஜீரோ எடுத்தேன். அலை. கோடு முன்பு போலவே வலது பக்கம் விலகிப் போனது. அலையை நிறுத்தினோம். அமீன் கிளம்பப் பார்த்தார். இருங்கள் என்றேன். தொட்டியின் விளிம்பில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவர் தன் மகளின் நிக்காவைப் பற்றிச் சொன்னார். பிரியாணிக்கு எத்தனை தேக்சா என்று சம்பந்தி வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. கீழே மாதிரிப் படகு வலப்பக்கம் சாய்ந்தபடியே ஆடிக்கொண்டிருந்தது. மூடாமல் விட்டிருந்த அந்த ஒரே ஓட்டை வழியாக நூல் போலத் தண்ணீர் வடிந்தது. வடிய வடிய நிமிர்ந்தது. கடைசியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆனது.

உள்ளே போய் இரண்டாவது ஜீரோ எடுத்தேன்.

இரண்டும் ஒன்று. கருவி நகரவே இல்லை.

மே 14, செவ்வாய்

நான் கழித்துக்கொண்டிருந்தது படகின் சாய்வை. மேல்தளத்தில் ஏறிய தண்ணீர் போக வழியில்லாமல் ஒரு பக்கமாகத் தங்கி, அடுத்த அலையில் இன்னும் கொஞ்சம் சேர்ந்து, படகைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தியிருக்கிறது. அலை நின்றதும் அந்தத் தண்ணீர் வடிந்துவிடுவதால் தடயம் இல்லாமல் போகிறது. கோட்டில் மட்டும்தான் இருந்தது. அதை நான் பொத்தானை அழுத்தி எடுத்துவிட்டேன்.

ஆனால் நான்கு பாகைச் சாய்வில் ஒரு படகு கவிழாது. அதையும் எழுதிவைக்கிறேன்.

மே 15, புதன்

அமீனிடம் சொன்னேன்: ஓட்டம் குறுகியது, அதனால் ஒன்று முடிந்த இடத்தில் அடுத்ததைத் தொடங்க வேண்டும். முந்தைய ஓட்டத்தின் முடிவில் மேல்தளத்தில் இருந்த அளவுக்குத் தண்ணீரை நாமே ஊற்றி, அதே சாய்வில் வைத்து, அலையைக் கொடுக்க வேண்டும்.

அவர் குளியலறையிலிருந்து பிளாஸ்டிக் மக் எடுத்துவந்தார். பார்த்துப் பார்த்து ஊற்றினார். சாய்வு நான்குக்கு வந்ததும் கை காட்டினேன்.

இரண்டாவது ஓட்டத்தின் முடிவில் பத்து. மறுபடி பத்து வரை ஊற்றி, மூன்றாவது ஓட்டம். வலப்பக்க ஓரச்சுவர் தண்ணீருக்குள் போய் வந்தது. பிறகு ஒரு தடவை போனது வரவில்லை. படகு அவசரமில்லாமல் புரண்டு, அடிப்பாகத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அமீன் அடித்த சிவப்புப் பெயின்ட்.

கவிழ்ந்த மாதிரி மூழ்காமலிருக்க ஒரு கயிறு கட்டியிருப்போம். விதிப்படி அலையை நிறுத்திவிட்டு மேலே நின்று அந்தக் கயிற்றை இழுக்க வேண்டும்.

சுடிதார் மார்பு வரை நனைந்துவிட்டது. அமீன் தன் துண்டைக் கொடுத்தார். மாதிரியை என் கையிலிருந்து வாங்கிக்கொள்ள அவர் இரண்டு மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது போலிருக்கிறது.

"மேடம், அந்தப் படகுல ஒங்க ஆளு யாருனா இருந்தாங்களா?"

"டிரைவர் என் அண்ணன் பாய்."

அவர் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா. மக்குல ஊத்துனது நானு," என்றார்.

மே 16, வியாழன்

டாக்டர் கமலக்கண்ணனிடம் எல்லாவற்றையும் வைத்தேன். வரைகோடுகள், இரண்டு ஜீரோக்கள், அண்ணன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார். "முதல் நாளே சொல்லியிருக்கணும்மா," என்றார். கொஞ்சம் கழித்து, "பார்க்காம டிரிஃப்ட் எடுக்கிறதைப் பழக்கினது நான்தான்," என்றார். அப்புறம், "இதுல நீங்க கையெழுத்துப் போட வேண்டாம். நான் போடறேன்."

நானே போடுகிறேன் என்றேன். கடைசியில் இரண்டு பேரும் போட்டோம்.

அறிக்கையில் இரண்டு வரிதான் முக்கியம். அந்த அலையில் அந்தப் படகு விடியும் வரை நின்றிருக்காது. மற்ற ஆறு படகிலும் ஓட்டைகளை மூடிய பலகைகளை எடுத்த பிறகே கடலுக்கு விட வேண்டும்.

பலகைகள் இல்லாமல் ஓட்டிப் பார்த்தோம். மூன்று ஓட்டமும் சேர்த்து ஒரு பாகைகூடச் சாயவில்லை.

மே 18, சனி

தேடுதல் நின்றது.

மே 19, ஞாயிறு

ஊருக்கு வந்திருக்கிறேன். மைனி சோறு போட்டாள். நெத்திலிக் கருவாடு, சோறு. எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல நிக்குன்ன. இப்ப நிக்காதுன்னு சொல்லுத."

"மொதல்ல சொன்னது தப்பு மைனி. நான் ஒண்ண விட்டுட்டேன்."

"இப்பவும் ஒண்ண விட்டிருந்தா?"

"விடல மைனி."

"நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேன். சின்னப் படகு. பொம்மை மாதிரி. அது கவுந்துச்சு."

"அந்தப் பொம்மையில ஆளு இருந்தானா?"

"இல்ல."

"ஒங்கண்ணன் இருந்திருந்தா சும்மா கையக் கட்டிட்டு நின்னுருப்பாகளா? பலகையப் பேத்து எறிஞ்சிருக்க மாட்டாகளா? தண்ணிய அள்ளிக் கொட்டியிருக்க மாட்டாகளா? ஏழு ஆம்பளய பிள்ள. ஏழு பேரும் பாத்துக்கிட்டா இருந்திருப்பாவ?"

இருட்டு. மேல்தளத்தில் நிற்கவே முடியாத அலை. பலகைகளை அண்ணன் மூன்று அங்குல ஆணியால் அடிப்பார். ஆணியைப் பிடித்துக்கொடுத்த நாள்கள் எனக்கு நினைவிருக்கின்றன. இதில் எதையும் நான் சொல்லவில்லை.

"தெரியல மைனி," என்றேன்.

"அப்ப தெரியலன்னு எழுதியிருக்கலாம்லா," என்றாள்.

இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு எழுந்து போனாள். சாமியார் வெற்றுச் சவப்பெட்டி வைத்துப் பூசை செய்யலாம் என்று கேட்டதற்கு அவள் கதவைச் சாத்திக்கொண்டாளாம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சாயங்காலம் பஸ் ஏறும்போது அவள் வெளியே வரவில்லை.

மே 22, புதன்

ஆறு படகிலும் பலகைகளை எடுத்துவிட்டதாக அந்த அதிகாரி போன் செய்து சொன்னார். நேரில் போய்ப் பார்த்தாராம். படமும் அனுப்பினார். நான்கு ஓட்டையும் திறந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் வழியாகவும் மறுபக்கத்து வெளிச்சம் தெரிகிறது. அதை அமீனிடம் காட்டினேன். அவர் போனை வாங்கி ஒவ்வொரு படகாகப் பெரிதாக்கிப் பார்த்தார்.

மின்விசிறிக்கு ஆள் வந்தார்.

மே 26, ஞாயிறு

அண்ணன் நம்பருக்கு ரீசார்ஜ் செய்தேன்.

ஜூன் 8, சனி

மைனி போன் எடுக்கவில்லை. நான்காவது முறை.

ஜூன் 15, சனி

மதியம் மைனியிடமிருந்து ஒரு படம் வந்தது. தடைக்காலம் முடிந்து ஆறு படகும் கிளம்பும் படம். கொடி, மாலை, கரையில் கூட்டம். கீழே குரல் செய்தி. ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் குரல்.

"டெல்பினு, நம்ம பயலுவ எல்லாம் போறானுவ. எல்லார்ட்டயும் சொல்லி விட்டுருக்கேன், மேற்க போறப்போ நல்லாப் பாருங்கலே, ஒங்க டிரைவரண்ணன் எங்கயாச்சும் தென்பட்டாவன்னா ஏத்தீட்டு வாங்கலேன்னு. சரின்னுட்டானுவ. ஒன்கிட்ட சொல்லணும்னு தோணிச்சி. வேற ஒண்ணும் இல்ல."

இரண்டு தடவை கேட்டேன்.

பிறகு படத்தைப் பெரிதாக்கினேன். முன்னால் போகும் படகின் ஓரச்சுவர் தெளிவாகத் தெரிந்தது. நான்கு ஓட்டைகளில் கடைசி ஒன்றில் மட்டும்தான் வெளிச்சம். மற்ற மூன்றும் புது மரத்தின் நிறம். அடுத்த படகிலும் அப்படியே. அதற்குப் பின்னால் வருபவை தெளிவாக இல்லை.

மைனிக்குப் போன் செய்தேன். எடுத்தாள்.

"மைனி, பலகையத் திரும்ப அடிச்சிருக்காங்களா?"

"ஆமா. நேத்து அடிச்சானுவ. ஆபீசரு வந்து பாத்துட்டுப் போயாச்சுல்லா. மீனெல்லாம் நழுவுமே பிள்ள, பெறவு எதுக்குப் போறதாம்?"

"நான் சொன்னேன்லா மைனி. அண்ணன் படகு அதனாலதான்..."

"ஒங்கண்ணன் படகுக்கு ஒண்ணும் ஆவல," என்றாள். கோபமில்லாமல், ஒரு விவரத்தைத் திருத்துவது போல.

முன்னால் போன படகின் டிரைவர் நம்பரை அவளிடமே கேட்டு வாங்கினேன். அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. மற்ற ஐந்து பேரின் நம்பரையும் வாங்கி அடித்தேன். எல்லாமே அப்படித்தான். அதிகாரிக்குச் சொன்னேன். வயர்லெஸ்ஸில் சொல்லச் சொல்கிறேன் என்றார். கொஞ்சம் கழித்து அவரே கூப்பிட்டு, சொல்லியாயிற்று, சரி சரி என்றார்கள், பின்னணியில் சிரிப்புச் சத்தம் கேட்டதாம் என்றார்.

ஜூன் 17, திங்கள்

புது வேலை. ஏதோ ஒரு துறைமுகத்துக்கு இழுவைப் படகு. சாய்வுமானி அதே பழையதுதான்.

தென்மேற்கிலிருந்து இந்த வாரம் பெரிய அலை வரும் என்று அறிவிப்பு வந்திருக்கிறது.

காலையில் முதல் ஜீரோ எடுத்தேன். ஓட்டம் முடிந்ததும் நான் கேட்காமலேயே அமீன் அலையை நிறுத்திவிட்டு வந்து என் பக்கத்தில் விளிம்பில் உட்கார்ந்தார். தண்ணீர் அடங்கும் வரை இருந்தோம். அவர் நிக்காவைப் பற்றி எதுவும் பேசவில்லை.

இரண்டாவது ஜீரோ எடுத்தேன். இரண்டும் ஒன்று.